பிற்பகல் ஒயினுக்கு ஒரு சின்ன எண்

வெள்ளை ஒயின் வாங்கக் கடைக்குள் நுழைபவரைக் கவனித்துப் பாருங்கள். முதலில் விலையைப் பார்ப்பார், அடுத்து லேபிளில் இருக்கும் படத்தை, பிறகு எங்கோ கேள்விப்பட்ட ஒரு திராட்சையின் பெயரை. நண்பர்கள் நாலு பேர் வந்து, சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருக்கப் போகும் பிற்பகலுக்குப் பாட்டில் தேடுபவருக்கு இந்த மூன்றும் பெரிதாக உதவாது. உதவக்கூடிய தகவல் லேபிளின் ஓரத்தில், பெரும்பாலும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்: ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்ற எண். 11, 11.5, 12 என்று இருந்தால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 14 என்று இருந்தால் அது இரவுச் சாப்பாட்டுக்கான ஒயின். அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.

முதல் காரணம் வெறும் கணக்கு. பிற்பகல் நீளமானது. விருந்தில் ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள்பவர்கூட, மூன்று மணிக்கு ஆரம்பித்த பேச்சு ஆறரைவரை இழுத்தால் மூன்று கிளாஸ் குடித்துவிடுவார். 750 மில்லி பாட்டிலில் 11.5 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 86 மில்லி, 14.5 என்றால் 109 மில்லி. நாலு பேர் சேர்ந்து மூன்று பாட்டில்களைக் காலி செய்தால், கனமான ஒயினில் ஏறக்குறைய முக்கால் பாட்டில் கூடுதலாகக் குடித்த கணக்கு. வெயிலும் சேர்ந்துகொண்டால் ஐந்து மணிக்கே ஒருவர் சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுவார், இன்னொருவர் பழைய அரசியல் சண்டையைத் தோண்டி எடுப்பார்.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. அந்த எண், ஒயினின் புளிப்பைப் பற்றியும் துப்புக் கொடுக்கிறது. விற்பவர்கள் ‘கிரிஸ்ப்’ என்று சொல்லும் வெள்ளை ஒயினின் உயிர் புளிப்பில்தான் இருக்கிறது. மணமும் பழச்சுவையும் அதற்கு அடுத்தபடிதான்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது

திராட்சைக் காயில் சர்க்கரை மிகக் குறைவு, அமிலம் மிக அதிகம். பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். பறித்த பழத்தைப் பிழிந்து சாறெடுத்தால், ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஆகவே இனிப்பே இல்லாத ஒயினில் 12 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தச் சாற்றில் லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை இருந்திருக்கிறது என்று பொருள். 14.5 என்றால் கிட்டத்தட்ட 245 கிராம். முதலாவது, குளிர்ந்த ஊரிலோ சீக்கிரம் பறித்தோ செய்தது; இரண்டாவது, நன்றாகக் கனியவிட்டுப் பறித்தது. கனியக் காத்திருந்த நாட்களில் சர்க்கரை ஏறிய அளவுக்குப் புளிப்பு போய்விட்டிருக்கும்.

திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக் அமிலம். இதை நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புளியம்பழத்தின் புளிப்பு இதனால்தான். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்குப் புளிப்பான வெள்ளை ஒயின் சட்டென்று பிடித்துப்போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இன்னொன்று மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளில் பல் கூசவைப்பது. டார்டாரிக் அமிலம் வெயிலை ஓரளவு தாங்கி நிற்கும். மாலிக் அமிலம் தாங்காது. வெப்பம் கூடக்கூடப் பழம் சுவாசிக்கும் வேகத்தில் அதை எரித்துவிடும். அதனால்தான் ஒயின்காரர்கள் இரவுக் குளிரைப் பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். பகலில் நல்ல வெயில் இருந்தாலும் இரவில் குளிர்ந்துவிடும் பள்ளத்தாக்குகளிலும் கடலோரங்களிலும் பழம் கனிந்தும் புளிப்பு மிஞ்சுகிறது.

பழத்தில் மிஞ்சியது பாட்டில்வரை வர வேண்டுமே, அது அடுத்த கட்டம். நொதித்து முடிந்த ஒயினில் ஒருவகை பாக்டீரியா புகுந்து, மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரில் இருக்கும் அமிலமாக மாற்றிவிடும். புளிப்பின் முனை மழுங்கி, வெண்ணெய் வாசனை தலைகாட்டும். ஓக் மரப் பீப்பாயில் ஊறும் ஷார்டனே ஒயின்கள் பலவற்றில் இதை வேண்டுமென்றே நடக்க விடுகிறார்கள். கிரிஸ்ப் ஒயின் செய்பவர் தடுத்துவிடுகிறார். சாற்றை ஸ்டீல் தொட்டியில் 15 டிகிரி அளவில் குளிர்ச்சியாக நொதிக்க விட்டு, முடிந்ததும் இன்னும் குளிரவைத்து, கொஞ்சம் கந்தக டைஆக்சைடு சேர்த்து, வடிகட்டிப் பாட்டிலில் அடைத்துவிடுவார். லேபிளின் பின்பக்கம் ‘ஓக்’, ‘வெண்ணெய்’, ‘வனிலா’ என்ற சொற்கள் இருந்தால் அது வேறு வகை ஒயின் என்று விட்டுவிடலாம்.

புளிப்பு போதுமான அளவு இருக்கிறதா என்று வாயில் சோதிப்பது எளிது. ஒரு மிடறு குடித்து விழுங்கிய பிறகு, தலையைச் சற்று முன்னால் குனிந்து, வாயை லேசாகத் திறந்து சில வினாடி சும்மா இருங்கள். நல்ல புளிப்புள்ள ஒயினாக இருந்தால் நாக்கின் இரு பக்கத்திலும் கீழ்ப்பற்களுக்குப் பின்னாலும் எச்சில் ஊறி நிற்பதை உணர்வீர்கள். ஊறவில்லை என்றால், மணம் என்னதான் எலுமிச்சையும் பச்சைப் புல்லுமாக வந்தாலும், அது மந்தமான ஒயின். நாலு பேர் முன்னிலையில் இதைச் செய்தால் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்து ஒருமுறை செய்துபார்த்தால் வித்தியாசம் பிறகு மறக்காது.

எண் ஏமாற்றும் இடங்கள்

குறைந்த எண் என்றால் இனிப்பில்லாத கிரிஸ்ப் ஒயின் நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் திராட்சையின் ‘கபினெட்’ வகைப் பாட்டிலில் 8 அல்லது 9 சதவீதம் என்று பார்ப்பீர்கள். சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்பதற்குள் நொதித்தலை நிறுத்திவிட்டதால் வந்த எண் அது. மீதிச் சர்க்கரை ஒயினிலேயே இருக்கிறது. புளிப்பும் நிறைய, இனிப்பும் உண்டு. அற்புதமான ஒயின், ஆனால் இனிப்பில்லாததைத் தேடிப் போனவர் திகைப்பார். ஜெர்மன் மொழி லேபிளில் ‘ட்ரொக்கன்’ என்று இருந்தால் இனிப்பு இல்லை.

எண்ணுக்கே கொஞ்சம் நெகிழ்வும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக அரை சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். அமெரிக்காவில் 14 வரையுள்ள ஒயின்களுக்கு ஒன்றரை சதவீதம்வரை விலக அனுமதி. ஆகவே கலிஃபோர்னியா பாட்டிலில் 12.5 என்று இருந்தால் நான் அதை அப்படியே நம்பமாட்டேன். குளிர்நாடுகளில் சில இடங்களில் நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே எண் பழத்தின் கனிவைவிடச் சற்று உயர்த்திக் காட்டும். ஆஸ்திரேலியா போன்ற வெயில் நாடுகளில் டார்டாரிக் அமிலத்தைச் சேர்ப்பது சட்டபூர்வமான, அன்றாட வேலை. திறமையாகச் செய்திருந்தால் நாக்கு கண்டுபிடிக்காது.

கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் விளையும் அசிர்டிகோ எல்லாக் கணக்கையும் உடைத்துவிடும். கொளுத்தும் வெயில், எரிமலைச் சாம்பல் மண், கடல்காற்றுக்குத் தப்பக் கூடைபோல் தரையோடு சுருட்டி வளர்த்த கொடிகள். ஆல்கஹால் 13.5, 14 என்று ஏறியிருந்தாலும் புளிப்பு கத்திபோல் நிற்கும். அந்தத் திராட்சை இனத்தின் பிறவிக்குணம் அது. விலையும் ஏறிவிட்டதால் பிற்பகல் பேச்சுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

ஆஸ்திரியாக்காரர்கள் செய்த உபகாரம்

எண்ணைப் பார்த்து வாங்குவது என் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஆஸ்திரியாவின் வாஹாவ் பகுதியைக் காட்டலாம். டான்யூப் நதி மெல்க் நகரிலிருந்து கிரெம்ஸ் நோக்கி வளைந்து போகும் இடத்தில், செங்குத்தான கரைகளில் கல் சுவர் எழுப்பிப் படிப்படியாகத் திராட்சை வளர்க்கிறார்கள். 1983-இல் அங்குள்ள விவசாயிகள் ‘வினேயா வாஹாவ்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். அவர்களுடைய இனிப்பற்ற வெள்ளை ஒயின்கள் ஆல்கஹால் அளவின்படியே மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 11.5 சதவீதத்துக்கு மேல் போகாதது ஷ்டைன்ஃபேடர். பாறைகளுக்கிடையே வளரும் மெல்லிய இறகுப்புல்லின் பெயர். 11.5 முதல் 12.5 வரை ஃபேடர்ஷ்பீல். பருந்து வேட்டையிலிருந்து வந்த சொல். அதற்கு மேல் ஸ்மராக்ட்; வெயிலில் அந்தக் கல் சுவர்கள்மேல் கிடக்கும் மரகதப் பல்லியின் பெயர்.

பெரிய விமர்சகர்கள் புகழ்வது ஸ்மராக்டை. விலையும் அதற்குத்தான். பிற்பகலுக்கு வேண்டியதோ ஷ்டைன்ஃபேடரும் ஃபேடர்ஷ்பீலும். ஷ்டைன்ஃபேடர் வெளிநாட்டுக் கடைகளில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். உள்ளூர்க்காரர்களே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். ஃபேடர்ஷ்பீல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

இந்த மூன்று வகைகளிலும் பெரும்பங்கு வகிக்கும் திராட்சை க்ரூனர் ஃபெல்ட்லினர். ஆஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், கூடவே மூக்கின் நுனியில் ஒரு மிளகு வாசனை. மிளகு என்பது வெறும் வர்ணனை இல்லை. ரோட்டன்டோன் என்ற மூலக்கூறு கருமிளகிலும் இருக்கிறது, இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. எல்லோருடைய மூக்கும் அதை உணர்வதில்லை. ஒரே பாட்டிலைக் குடித்துவிட்டு ஒருவர் ‘மிளகு’ என்பார், இன்னொருவர் ‘எங்கே?’ என்பார், இருவருமே சரி.

வாஹாவ் எட்டாத விலையாகத் தோன்றினால் வியன்னாவுக்கு வடக்கே செக் எல்லைவரை பரந்திருக்கும் வைன்ஃபியர்டல் பகுதி இருக்கிறது. லேபிளில் ‘வைன்ஃபியர்டல் டிஏசி’ என்று (டிஏசி என்பது அந்தப் பகுதிக்கே உரிய ஒயின் என்று காட்டும் முத்திரை) இருந்தால் அது க்ரூனர் ஃபெல்ட்லினர்தான், வேறெதுவும் அந்தப் பெயரில் வர முடியாது. 2002 அறுவடையிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. குறைந்தபட்சம் 12 சதவீதம், ஓக் சுவை தெரியக்கூடாது. ‘ரிசர்வ்’ என்ற சொல் சேர்ந்தால் குறைந்தபட்சம் 13, அது வேண்டாம். பாட்டிலின் தலையைப் பார்த்தால் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று ஆஸ்திரியக் கொடியின் நிறத்தில் ஒரு பட்டை. அரசின் தரச் சோதனையைத் தாண்டி வந்த ஒயின்களுக்கே அந்தப் பட்டை.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு மானக்கேடு இருக்கிறது. 1985-இல் ஆஸ்திரிய வியாபாரிகள் சிலர் தங்கள் ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்தது அம்பலமானது. மெலிந்த, மலிவான ஒயினை இனிப்பும் கனமும் உள்ள உயர்ந்த ஒயினாகக் காட்டுவதற்கான வேலை. ஏற்றுமதி படுத்துவிட்டது, கலப்படம் செய்யாதவர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டே கடுமையான ஒயின் சட்டம் வந்தது. இனிப்பு ஒயின் என்ற பழைய சந்தையை விட்டு, இனிப்பே இல்லாத, மறைக்க எதுவும் இல்லாத வெள்ளை ஒயின் பக்கம் நாடு திரும்பியதற்கு அந்த அடி ஒரு முக்கியக் காரணம்.

பிற்பகல் குடியை ஒரு கலையாகவே வைத்திருப்பவர்களும் ஆஸ்திரியர்கள்தான். வியன்னா மாநகர எல்லைக்குள்ளேயே ஏறக்குறைய 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டக்காரர்கள் தாங்கள் செய்த ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசஃப் 1784-இல் ஆணையிட்டார். அப்படி வளர்ந்த கடைகளுக்கு ஹொய்ரிகர் என்று பெயர். ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. திறந்திருக்கும் நாட்களில் வாசலில் ஊசியிலை மரக் கிளைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்தடியில் நீண்ட பெஞ்சுகள், கால் லிட்டர் கண்ணாடிக் குவளை, ரொட்டியில் தடவ மிளகாய்த்தூள் கலந்த லிப்டவர் என்ற பாலாடைக்கட்டி. ஊற்றுவது பெரும்பாலும் கெமிஷ்டர் ஸாட்ஸ்: ஒரே தோட்டத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளைத் திராட்சை இனங்களைக் கலந்து நட்டு, ஒரே நாளில் பறித்து, ஒன்றாகவே பிழிந்து செய்த ஒயின். எந்தத் திராட்சை என்று கேட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லாத ஒயின் என்பதே அதன் அழகு.

வெயில் கடுமையாக இருந்தால் அவர்கள் ஒயினில் பாதிக்குப் பாதி சோடா ஊற்றிவிடுகிறார்கள். கெஷ்ப்ரிட்ஸ்டர் என்று சொல்வார்கள். ஒயினைக் கெடுத்துவிட்டதாக முகம் சுளிப்பவர்கள் இங்கே உண்டு, அங்கே இல்லை. புளிப்புள்ள ஒயின்தான் சோடாவைத் தாங்கும். மந்தமானதில் சோடா ஊற்றினால் தண்ணீராகிவிடும். வந்திருப்பவர்களில் யாருக்காவது வண்டி ஓட்டும் வேலை இருந்தால் அவருக்கு ஒயினும் வேண்டாம், சோடா கலந்ததும் வேண்டாம். வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

மற்ற கதவுகள்

பிரான்ஸில் லுவார் நதி அட்லான்டிக்கில் கலக்கும் இடத்துக்கு அருகில், நான்ட் நகரைச் சுற்றி விளைவது மஸ்கடே. 1709-இன் பெருங்குளிரில் மற்ற கொடிகள் செத்தபோது, உறைபனியைத் தாங்கிய மெலோன் டி பூர்கோன் என்ற திராட்சை அங்கே பரவியது. சிப்பியோடு குடிப்பதற்கென்றே பிறந்த ஒயின். மணம் குறைவு, கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் உப்புக்காற்று, அவ்வளவுதான். ‘ஸ்யூர் லீ’ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நொதித்து முடித்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் மண்டியாகப் படிந்திருக்க, அதன்மேலேயே ஒரு குளிர்காலம் முழுவதும் ஒயினை விட்டுவைத்து நேராகப் பாட்டிலில் அடைப்பது அந்த முறை. ரொட்டிமாவின் சாயலும் நாக்கில் சற்றுக் கூச்சமும் அதனால் வருகின்றன. 12 சதவீதம் வாக்கில்தான் இருக்கும். தரத்துக்கு விலை மிகக் குறைவு. ஒரே ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால், ஆஸ்திரியாவைப் பற்றி இத்தனை பேசிய பிறகும், நான் மஸ்கடேயைத்தான் சொல்வேன்.

போர்ச்சுகலின் வடமேற்கு மூலையிலிருந்து வருவது வின்யோ வெர்டே. 1908-இல் எல்லை வகுக்கப்பட்ட பகுதி. மழை அதிகம், பசுமை அதிகம். மலிவான பாட்டில்கள் 9 முதல் 11 சதவீதம். நாக்கில் லேசாக நுரை குத்தும். அந்த நுரை இப்போது பெரும்பாலும் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் கரியமில வாயு. அதில் குற்றமொன்றும் இல்லை. சில மலிவு ரகங்களில் இனிப்பும் சேர்ந்திருக்கும், அதைமட்டும் கவனியுங்கள். எல்லை தாண்டி ஸ்பெயின் பக்கம் போனால் கலீசியாவின் ரியாஸ் பைஷாஸ் பகுதியில் அல்பரின்யோ. கருங்கல் மண்ணில், ஈரம் தங்காமல் காற்றோட வேண்டும் என்பதற்காகப் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். 12.5, 13 என்று எண் சற்று ஏறியிருந்தாலும் கடல்மீனோடு இதற்கு இணை குறைவு.

நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வரும் சோவின்யோன் பிளாங் பலருக்கு முதல் கிரிஸ்ப் ஒயின். அங்கே பெரிய அளவில் கொடி நட்டது 1973-இல்தான்; அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. பேஷன் பழமும் வெட்டிய புல்லும் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே வந்துவிடும். முதல் கிளாஸ் கொண்டாட்டம். மூன்றாவது கிளாஸில் அந்தச் சத்தம் எனக்கு அலுத்துவிடுகிறது. அதே திராட்சையை அடக்கமாகக் கேட்க விரும்புபவர்கள் லுவாரின் சான்செர் பக்கம் போகலாம், பணம் இருந்தால். இத்தாலியின் மலிவான பினோ க்ரீஜியோவில் குறை சொல்ல எதுவும் இல்லை, நினைவில் வைத்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. பிரான்ஸின் ஷப்லி மிக நல்ல ஒயின். பிற்பகலுக்கு அதன் தம்பியான ‘பெட்டி ஷப்லி’ போதும்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு வெளிநாட்டு ஒயின் வரி சுமந்தே வரும். மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் செய்யும் சோவின்யோன் பிளாங்கைப் பாருங்கள். ஐரோப்பாவில் செப்டம்பரில் பறிப்பதை அங்கே மழைக்காலம் முடிந்து கொடி தழைத்த பிறகு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பறிக்கிறார்கள். குளிர்கால இரவுகள்தான் புளிப்பைக் காப்பாற்றுகின்றன. அங்கேயே செய்யும் செனின் பிளாங் சிலவற்றில் இனிப்பு தலைகாட்டும்.

எந்த ஊர் ஒயினாக இருந்தாலும் அறுவடை ஆண்டைப் பாருங்கள். இந்த வகை ஒயின்களை வைத்துக் காப்பாற்றுவதில் பலன் அதிகமில்லை; கடந்த ஓரிரண்டு ஆண்டு அறுவடையாக இருந்தால் நல்லது. கடைக்காரர் ‘பழசு, அதனால் தள்ளுபடி’ என்று நீட்டினால் நழுவிவிடுங்கள். திருகுமூடியைப் பார்த்து மலிவு என்று நினைக்கவும் வேண்டாம். கார்க்கில் சில சமயம் உருவாகும் ஒரு வேதிப்பொருள் ஒயினுக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கொடுத்துவிடும். நியூசிலாந்துக்காரர்கள் 2001-இல் கூட்டாகத் திருகுமூடிக்கு மாறத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

மேசைக்கு வந்த பிறகு

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் 4, 5 டிகிரியில் மணம் உறங்கிக் கிடக்கும். 8 முதல் 10 டிகிரி சரியான இடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டால் அங்கே வந்துவிடும். நம் ஊர் மே மாதத்தில் ஐந்து நிமிடமே அதிகம். பாட்டிலைக் குளிரவைக்க மறந்துவிட்டீர்களா? வாளியில் ஐஸ்கட்டிகளை மட்டும் போடாதீர்கள். பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டுக் கழுத்துவரை முக்கி வையுங்கள். ஐஸ்கட்டிகளுக்கிடையே இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். இருபது நிமிடத்தில் தயாராகிவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். நிரப்பி வைத்தால் பேச்சு சுவாரசியத்தில் பாதியிலேயே சூடாகிவிடும். நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம். ஒளி பட்டே ஒயின் கெடும். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வரும்.

பாட்டிலின் அடியிலோ கார்க்கின் முனையிலோ கண்ணாடித் துகள்போல் பளபளக்கும் மணிகளைப் பார்த்தால் பதற வேண்டாம். முன்பு சொன்ன டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமானது அது. விரலில் எடுத்து நக்கிப் பார்த்தால் மெல்லிய புளிப்பு தெரியும். ஓவராக வடிகட்டிப் பளிங்குபோல் ஆக்காத ஒயின் என்பதற்கு ஓர் அடையாளம் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம்.

கொறிக்க என்ன வைப்பது? வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிவது என்ன வேலை செய்கிறதோ, அதை இந்த ஒயின் தானாகவே செய்துவிடும். எண்ணெய்ப் பலகாரம் எதுவும் பொருந்தும்: நெத்திலி வறுவல், வாழைக்காய் பஜ்ஜி, உளுந்து வடை, உப்புத் தூவிய முந்திரி. பால்கட்டியில் ஆட்டுப்பால் கட்டி மிகப் பொருத்தம். சான்செர் பகுதியில் அதற்கென்றே ஷவின்யோல் என்ற ஊர்க் கட்டி இருக்கிறது. காரத்தில் மட்டும் எச்சரிக்கை. மிளகாயின் எரிச்சலை நரம்புகளில் உணரவைக்கும் ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது; 14 சதவீத ஒயினோடு காரமான சிக்கன் 65 சாப்பிட்டால் வாய் இரட்டிப்பாக எரியும். காரம் தவிர்க்க முடியாத கூட்டம் என்றால், முன்பு இனிப்பு என்று ஒதுக்கிய அந்த மோசெல் கபினெட்டைத் திரும்பக் கூப்பிடுங்கள். 8 சதவீதமும் சிறிது சர்க்கரையும் சேர்ந்து மிளகாயைச் சமாளித்துவிடும். அப்படி ஒரு பாட்டிலும், க்ரூனரிலோ மஸ்கடேயிலோ இரண்டு பாட்டிலும் வாங்கினால் நாலு பேருக்குத் தாராளம். கூடவே மேசையில் ஒரு பெரிய ஜாடித் தண்ணீர், கேட்காமலே எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில்.

மீந்துபோனால் மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பாட்டிலில் பாதிக்கும் கீழே இருந்தால் சின்ன பாட்டில் ஒன்றில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள். ஒயினைக் கெடுப்பது உள்ளே நிற்கும் காற்றுதான். அதற்கும் பிறகு மணம் போய்விட்டாலும் புளிப்பு இருக்கும். பூண்டும் வெண்ணெயும் போட்டு இறால் வதக்கும்போது ஒரு கரண்டி ஊற்றி வற்றவிடலாம்.